வேர்க்குழல் அடைப்புப் பொருள்கள்

ரூட் கெனால் எனப் பரவலாக அறியப்படும் வேர்க்குழல் சிகிச்சையில், பற்கூழை அகற்றிச் சுத்தம் செய்த குழலை நிரப்பவும், அதன்மேல் பல்லைக் கட்டியெழுப்பவும் பயன்படும் பொருள்கள். உமிழ்நீரும் கிருமிகளும் மறுபடி வேர்நுனியை எட்டாமல் தடுப்பதே இவற்றின் வேலை.

குழலை நிரப்பும் முதன்மைப் பொருள் கட்டாபெர்ச்சா. மலாய்த் தீவக்குறை, சுமத்திரா, போர்னியோ காடுகளில் வளரும், நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த மரமொன்றின் உறைந்த பால் இது. ரப்பரைப் போலவே பாலிஐசோப்ரீன்தான். மூலக்கூறின் வடிவம் வேறு. அதனால் ரப்பர்போல் இழுபடாமல் விறைத்து நிற்கும், சூடுபட்டால் இளகும். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டதும் இதைக்கொண்டே. இன்றைய கட்டாபெர்ச்சா குச்சிகளில் மரப்பாலின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு; எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் சல்பேட் போன்றவையும் சேரும்.

கட்டாபெர்ச்சா பல்லோடு ஒட்டாது. இடுக்குகளை நிரப்ப சீலர் என்னும் பசை வேண்டும். துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் கலந்தது பழைய வகை. யூஜினால் கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறு. பல் மருத்துவமனைக்கே உரிய அந்த மணம் இதனுடையது. இதன் மிச்சம் பல்லில் தங்கினால், மேலே வைக்கும் காம்போசிட் என்னும் பல்நிறப் பிசின் அடைப்பு சரியாக இறுகாது. எபாக்சி பிசின் சீலருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அண்மையில் கால்சியம் சிலிக்கேட் சீலர்கள் பரவிவருகின்றன.

கால்சியம் சிலிக்கேட் சீலர்களுக்கு முன்னோடி எம்.டி.ஏ. (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்). கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழுவினர் 1990களில் உருவாக்கியது. அடிப்படையில் இது வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் தூய வடிவம். எக்ஸ்ரேக்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது. ஈரத்தில் இறுகும் என்பதால், வேரில் விழுந்த ஓட்டைகளையும், வளர்ச்சி முடியாத சிறுவர் பற்களின் திறந்த வேர்நுனியையும் அடைக்க உதவுகிறது. இறுக ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். பல்லின் நிறத்தையும் மாற்றக்கூடும். பின்வந்த இதே வகைப் பொருளான பயோடென்டைன் சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும்.

குழலடைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலடைப்பு கசிந்தால் பயனில்லை. 1995இல் ஆய்வாளர்கள் ரே, டிரோப் ஆகியோர் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தனர். மேலடைப்பு நன்றாகவும் குழலடைப்பு மோசமாகவும் இருந்தவற்றில் 67.6 சதவீதம் வேர்நுனி அழற்சியின்றி இருந்தன. குழலடைப்பு நன்றாகவும் மேலடைப்பு மோசமாகவும் இருந்தவற்றில் 44.1 சதவீதம் மட்டுமே. பின்வந்த ஆய்வுகள் இரண்டுக்கும் ஏறத்தாழச் சம எடை தந்தன.

குழலை நிரப்பியதும் மேலே வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே தாங்கும். வலி நின்றதும் அதோடு விட்டுவிடுவோர் பலர். கடைவாய்ப்பற்களுக்குப் பெரும்பாலும் ஜிர்கோனியா அல்லது உலோகப் பீங்கான் கேப் தேவைப்படும். சிகிச்சைபெற்ற பல் உடைவது பல்லின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டதாலேயே. வேருக்குள் நிறுத்தும் கண்ணாடியிழைப் போஸ்ட் பல்லுக்கு வலு சேர்ப்பதில்லை, மேல்கட்டைப் பிடித்துவைக்க மட்டுமே. ஈறுக்குமேல் சுற்றிலும் 2 மி.மீ. அளவு சொந்தப் பல் மிஞ்சியிருந்தால்தான் கேப் நிலைக்கும்.