கருத்தடையும் ஒரு பெண்ணின் கேள்வியும்



சோமனூரில் நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், 1999-ஆம் ஆண்டு, பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். அகவை இருபத்திரண்டு, கணவன் லாரி ஓட்டுபவன். இருவர் குருதியிலும் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்திருந்தது. அவளோ கருவுற்றிருந்தாள். கருவைக் கலைத்து, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் செய்துகொண்டாலன்றி மருத்துவம் பார்ப்பதற்கில்லை என்று ஓரிடத்தில் கூறிவிட்டனராம். "ஐயா, வேண்டும், வேண்டா என்று சொல்ல வேண்டியவள் நானல்லவா?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. முடிவில் அவள் இசைந்தாள். அதனை இசைவு என்று சொல்லலாமா என்பது வேறு.

அக்கேள்வி கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 1930-லேயே ஈரோட்டுப் பெரியார் 'குடி அரசு' இதழில் கருத்தடை பற்றி எழுதினார். பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமை நீங்கவும் அது வேண்டும் என்றனர் பிறர். பெண் தன்னுரிமை பெறுவதற்கே வேண்டும் என்றார் அவர். 1952-இல் இந்திய அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக மேற்கொண்டபோதோ, மக்கள்தொகையே முதற்கணக்காயிற்று. என் இளமையில் சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் கண்டேன். பெண்ணின் விருப்பத்தைப் பற்றி எந்தச் சுவரும் பேசியதாக நினைவில்லை.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் இந்நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அதன் பின்னர் பழைய பழக்கத்தோடு அச்சமும் சேர்ந்தது. கருக்குழாயைக் கட்டினால் கரு தங்காது. கிருமி தொற்றுவதை அது தடுக்காது. ஆணுறை இரண்டையும் தடுப்பது. அதற்கோ ஆடவன் இசைய வேண்டும். மனைவிக்கு அறுவை முடிந்தபின் 'இனி உறை எதற்கு?' என்று கேட்கும் கணவனிடம் அவள் என்ன சொல்வாள்? மாத்திரையிலும் கவனம் வேண்டும். எஃபாவிரென்ஸ் என்னும் எச்.ஐ.வி. மருந்து கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கக்கூடும். இவற்றையெல்லாம் அவளிடம் எடுத்துரைத்த பின்னரன்றோ இசைவு கேட்க வேண்டும்?

1998-இல் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா முதலானோர் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கெனத் தனி அமைப்பு கண்டனர். தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் அவர் பேசியது அந்நாளில் எளிய செயலன்று.

மருத்துவமும் வளர்ந்தது. மருந்தில்லையேல், தாயிடமிருந்து நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள் வரை தொற்றுப் பெறக்கூடும். தக்க மருந்துண்டால் ஐந்துக்கும் குறைவே. பேறுகாலத்தில் ஒரு நெவிரபின் மாத்திரை தொற்றினைப் பாதியளவு குறைக்கும் என்ற உகாண்டா நாட்டு ஆய்வு வெளிவந்தது எப்போது? என் மாணவி வந்து நின்ற அதே 1999-இல்!

நமீபியாவில், விளக்கமான இசைவு பெறாமல் மூன்று பெண்களுக்குக் கருத்தடை செய்தது தவறென உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு அவளது அறிந்த இசைவின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யலாகாது என விதித்தது. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10-இல். என் மாணவிக்கு அப்போது அகவை நாற்பத்தொன்று.