உலோகத்தின் அயர்வு: ஒரு கலைச்சொல்லும் சில சோதனைகளும்

1. முன்னுரை

கலைச்சொல் ஒன்றைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் அகராதிப் பொருளையே முதலில் நாடுவர். அச்சொல் எந்த விபத்தை விளக்கப் பிறந்தது, எந்தச் சோதனையால் திருத்தம் பெற்றது என்னும் வரலாறு அவர்தம் கவனத்துக்கு எளிதில் வருவதில்லை. வானூர்திப் பொறியியலில் 'ஃபெட்டீக்' எனப்படும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். தமிழில் அயர்வு, சோர்வு, களைப்பு ஆகிய மூன்றும் அதற்கு ஈடாகக் கூடியவை. மூன்றுமே உயிருடைய உடலுக்கு உரியவை. உயிரற்ற உலோகத்தின்மேல் இச்சொல் ஏறியது எவ்வாறு, ஏறியதனால் விளைந்த தெளிவும் மயக்கமும் யாவை என்பவற்றை வானூர்திச் சோதனையின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. அச்சு முறிதல்: இருவகை

பாரம் மிகுந்தால் பொருள் முறியும் என்பது பழைய அறிவு. மெல்லிய மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் (குறள் 475) உவமையாக ஆள்கிறது. அங்கு முறிவுக்குக் காரணம் அளவு மிகுந்த சுமை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருப்புப்பாதைகள் வேறொரு முறிவைக் காட்டின. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியில் எஞ்சினின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றிப் பலர் மாண்டனர். பல நாள் தாங்கிய வழக்கமான சுமையையே அந்த அச்சு அன்றும் தாங்கியது. சுமை மிகாமலே அச்சு முறிந்தமைக்குக் காரணம் தேடியோருள் பலர், அதிர்வினால் இரும்பின் நார்த்தன்மை மாறிப் படிகத்தன்மை அடைகிறது என்று கருதினர்.

1843-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் இதனை மறுத்தார். முறிந்த அச்சுகளை நேரில் ஆராய்ந்து, அச்சின் தடிமன் திடீரென மாறும் கூரிய மூலையில் வெடிப்பு தொடங்கிச் சிறிது சிறிதாக உட்செல்கிறது என்றும், அம்மூலையை வளைவாக அமைத்தால் ஆயுள் கூடும் என்றும் காட்டினார். மூலை பற்றிய இந்தச் செய்தி 111 ஆண்டுகளுக்குப் பின் வானூர்தியில் மீண்டும் எழப்போவதை நினைவிற் கொள்ள வேண்டும்.

3. சொல்லின் வரவும் அதன் மயக்கமும்

1854-இல் பிரெய்த்வெய்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இலண்டனில் வாசித்த கட்டுரையின் தலைப்பிலேயே உலோகத்தின் அயர்வு என்னும் தொடரை ஆண்டார். ஓயாது உழைக்கும் உடல் தளர்வதுபோல ஓயாது சுமை ஏற்று இறக்கும் உலோகமும் தளர்கிறது என்பது இவ்வுருவகத்தின் கருத்து. மீண்டும் மீண்டும் நிகழ்தலே காரணம் என்பதை ஒரே சொல்லில் உணர்த்தியமை இதன் சிறப்பு.

ஆயினும் உருவகம் இரண்டு இடங்களில் பிழைபடுகிறது. அயர்ந்த உடல் ஓய்வினால் தேறும். வெடிப்புக் கண்ட உலோகம் ஓய்வினால் தேறுவதில்லை. அயர்வு உடல் முழுதும் பரவும். உலோகத்திலோ ஒரு துளையின் விளிம்பில், ஒரு மூலையில், கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தில் அது தொடங்குகிறது. யூயிங், ஹம்ஃப்ரி இருவரும் 1903-இல் நுண்ணோக்கியின் வழியே இரும்பின் படிகங்களில் தோன்றும் வழுக்குக் கோடுகள் வெடிப்புகளாக வளர்வதைக் காட்டிய பின்னரே இவ்வுண்மை தெளிவாயிற்று.

இதற்கிடையில் ஜெர்மானியரான வோலர் 1850-களின் பிற்பகுதி முதல் 1870 வரை அச்சுகளைச் சுழற்றி வளைத்துச் சோதித்தார். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ்ப்பட்ட தகைவை எஃகு எத்தனை முறையும் தாங்கும் என்பது அவர் கண்ட முடிவு. வானூர்தியில் பெரிதும் பயன்படும் அலுமினியக் கலவைகளுக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. எனவே வானூர்திப் பொறியாளர் கேட்க வேண்டிய வினா 'முறியுமா' என்பதன்று, 'எத்தனையாவது முறையில் முறியும்' என்பதே.

4. கோமெட்: சோதனை தந்த பொய்யான உறுதி

டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் கோமெட், பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் வானூர்தி. 1952 மே 2 அன்று இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குத் தன் முதல் வாணிபப் பயணத்தை மேற்கொண்டது. 40,000 அடி உயரத்தை எட்டவல்ல அவ்வானூர்தியில் பயணிகள் இயல்பாக மூச்சுவிடும் பொருட்டு, உடற்கூட்டின் உள்ளே சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு அளவுக்குக் காற்றழுத்தம் மிகுதியாக வைக்கப்பட்டது. ஒவ்வொரு பறப்பிலும் கூடு ஒருமுறை விரிந்து ஒருமுறை சுருங்கியது.

சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து எழுந்த கோமெட் ஒன்று இடிமழைப் புயலில் சிதைந்து 43 பேர் மாண்டனர். இந்தியாவில் நடைபெற்ற விசாரணை, புயலின் விசையால் அதன் கட்டமைப்பு முறிந்தது என முடிவு கண்டது. 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே மற்றொரு கோமெட் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். நிறுத்தி வைக்கப்பட்ட வானூர்திகள் பல மாற்றங்களுக்குப் பின் மார்ச் 23 அன்று மீண்டும் பறந்தன. ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று வீழ்ந்து 21 பேர் மாண்டனர். இவ்விரண்டும் புயலில் சிக்கியவை அல்ல.

ஃபார்ன்பரோவிலிருந்த அரசு வானூர்தி ஆய்வகம், அதன் இயக்குநர் ஆர்னல்ட் ஹால் தலைமையில், கோமெட் ஒன்றின் உடற்கூட்டை மாபெரும் நீர்த்தொட்டியுள் வைத்துச் சோதித்தது. காற்றை அடைத்துச் சோதித்தால் வெடிக்கும்போது கூடு குண்டுபோல் சிதறி, முறிவு தொடங்கிய இடம் தெரியாமற்போகும். நீர் எளிதில் அமுங்காது; ஆதலின் வெடிப்புத் தோன்றியவுடன் அழுத்தம் வீழ்ந்துவிடும், சான்றும் அழியாது. தொட்டிக்கு வெளியே நீண்டிருந்த இறக்கைகளை வளைத்தும் கூட்டினுள் அழுத்தத்தை ஏற்றி இறக்கியும் ஒரு முழுப் பறப்பின் சுமைகளைச் சில நிமிடங்களில் நிகழ்த்தினர். 1954 ஜூன் 24 அன்று, வானிலும் தொட்டியிலுமாக மொத்தம் 3,000 சுற்றுகளைச் சற்றே கடந்த நிலையில், சாளரம் ஒன்றின் மூலையிலிருந்து கூடு கிழிந்தது. எல்பாவருகே கடலிலிருந்து மீட்ட சிதைவுகளிலும், வானொலித் திசைகாட்டிக்காகக் கூரையில் அமைந்த சாளரத்தின் மூலைப்பகுதியில் அயர்வு வெடிப்பின் தடம் காணப்பட்டது.

இங்கு எழும் வினா, கோமெட்டை ஏன் முன்பே சோதிக்கவில்லை என்பதன்று, அது சோதிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் சோதனைக் கூட்டுப்பகுதி ஏறத்தாழ 16,000 முறை அழுத்தம் ஏற்ற பிறகே முறிந்தது. எல்பா வானூர்தி 1,290 பறப்புகளிலும் நேப்பிள்ஸ் வானூர்தி 900 பறப்புகளிலும் முறிந்தன. இவ்வேறுபாட்டுக்கு விடை, சோதனை நடத்திய வரிசையில் இருந்தது. அந்தக் கூட்டுப்பகுதியை அயர்வுச் சோதனைக்கு முன், அதன் வலிமையைக் காண, வேலையழுத்தத்தின் இருமடங்குக்கு உட்படுத்தியிருந்தனர். அப்போது சாளர மூலைகளில் உலோகம் சிறிது நிலையாக நீண்டது. அழுத்தம் நீங்கியதும் சுற்றியிருந்த உலோகம் அதனை நெருக்கியது. அந்த நெருக்கம் வெடிப்பைத் தடுத்து ஆயுளை நீட்டியது. பயணிகளை ஏற்றிய கூடுகளோ இருமடங்கு அழுத்தத்தைக் கண்டதில்லை. சோதித்த பொருளும் பறந்த பொருளும் வடிவில் ஒன்றாயினும் வரலாற்றில் வேறாயின. வலிமைச் சோதனைக்கும் அயர்வுச் சோதனைக்கும் தனித்தனி மாதிரி வேண்டும் என்னும் நெறி இவ்வாறே வலுப்பெற்றது.

5. மூன்று தொடர்கள், மூன்று சோதனை நெறிகள்

கோமெட்டுக்குப் பிந்தைய பாதுகாப்பு நெறிகளை மூன்று தொடர்கள் குறிக்கின்றன. முதலாவது காப்பு ஆயுள்: சோதனையில் கண்ட ஆயுளின் ஒரு சிறு பகுதி கடந்ததும், வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உறுப்பை நீக்கிவிட வேண்டும். இரண்டாவது, 'ஃபெயில்-சேஃப்' என ஆங்கிலத்தில் வழங்குவது: ஓர் உறுப்பு முறிந்தாலும் அதன் சுமையை அடுத்த உறுப்பு ஏற்க வேண்டும். இதனை 'தவறாத பாதுகாப்பு' எனப் பெயர்த்தால் கருத்து தலைகீழாகும். முறிவு நேரும் என்று ஒப்புக்கொள்வதே இந்நெறியின் அடிப்படை. 'முறிந்தும் காத்தல்' என்பது பொருந்தும்.

1977 மே 14 அன்று ஜாம்பியாவின் லுசாக்கா அருகே போயிங் 707 சரக்கு வானூர்தியின் கிடைவால் அயர்வினால் முறிந்து அறுவர் மாண்டனர். மாற்று உறுப்பு இருந்தது. வெடிப்பை உரிய காலத்தில் காணும் சோதனை முறை இல்லை. 1978-இல் அமெரிக்க விதிகளில் மூன்றாவது நெறி இடம்பெற்றது. அதனைச் சிதைவு தாங்குமை எனலாம். வெடிப்பு இருக்கிறது என்றே கொண்டு, அது வளரும் வேகத்தைக் கணக்கிட்டு, ஆபத்தான நீளத்தை எட்டுமுன் கண்டுபிடிக்கும் கால இடைவெளியில் ஆய்வு நடத்துவது அது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில், 89,000-க்கும் மேற்பட்ட பறப்புகளைக் கண்ட போயிங் 737 ஒன்றின் மேற்கூரை வானில் பிய்ந்தது; பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தரையாணி வரிசையில் தோன்றிய பல சிறு வெடிப்புகள் ஒன்றுசேர்ந்தமை அதற்குக் காரணம். தனி வெடிப்பை மட்டுமே எண்ணிய கணக்கு போதாது என்பது இதனால் விளங்கிற்று.

6. தமிழாக்கத்திற்குச் சில கருத்துகள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும்.

முதலாவதாக, அயர்வு என்னும் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. எழுத்து வேறுபடுவதைக் குறித்த திரிபு என்னும் இலக்கணச் சொல் இயற்பியலில் வடிவு வேறுபடுவதைக் குறித்து நிலைபெற்றதுபோல, அயர்வும் வரையறையால் நிலைபெறும். 'சுமை மாறி மாறி வருவதால் ஓரிடத்தில் தோன்றி வளரும் வெடிப்பு' என்னும் வரையறையை முதல் ஆட்சியிலேயே தருதல் வேண்டும். களைப்பு என்பது ஓய்வால் தீர்வது என்னும் எண்ணத்தை மிகுவிப்பதால் விலக்கத்தக்கது. நைதல் என்னும் சொல் மீண்டும் மீண்டும் நிகழ்தலைத் தமிழ் வழக்கிலேயே உணர்த்துவது. எனினும் நைந்த துணி நைந்ததாகத் தெரியும், அயர்ந்த உலோகம் புதியதாகவே தோன்றும்.

இரண்டாவதாக, சோதனை என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் பெயர்த்தல் இடர் தரும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோர் பானையை அழிப்பதில்லை. விரிசல் உண்டா என்றே கேட்கின்றனர். நீர்த்தொட்டியில் கூட்டை முறியும்வரை அழுத்துவோர் முறியும் நாளைக் கேட்கின்றனர். முன்னதை அழிவிலா ஆய்வு என்றும் பின்னதை ஆயுட்சோதனை என்றும், குறித்த பாரத்தை ஒருமுறை தாங்குகிறதா எனக் காண்பதை வலிமைச் சோதனை என்றும் பிரித்தாளலாம். கோமெட்டின் துயரம், இவற்றுள் இரண்டை ஒரே மாதிரியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ததோடு தொடர்புடையது.

மூன்றாவதாக, வெடிப்பு, கீறல், விரிசல் ஆகியன இலக்கிய நடையில் ஒருபொருட் பன்மொழியாக நிற்கலாம். பராமரிப்புக் கையேட்டில் அவ்வாறு நிற்றல் ஆகாது. மேற்பரப்பில் மட்டும் அமைவது கீறல். உட்சென்று வளர்வது வெடிப்பு. ஒன்றைத் தேய்த்து அகற்றிப் பறக்கவிட இடமுண்டு. மற்றது உறுப்பையே மாற்ற வேண்டியதாகலாம்.

7. முடிவுரை

உலோகத்தின் அயர்வு என்னும் உருவகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியாளருக்கு வழிகாட்டியது. சில இடங்களில் மயக்கவும் செய்தது. அம்மயக்கங்களைச் சோதனைகளே திருத்தின. அத்திருத்தங்கள் யாவும் மூலச்சொல்லின் வடிவில் தெரிவதில்லை. அதன் வரலாற்றில்தான் தெரிகின்றன. மொழிபெயர்ப்பாளர் வரலாற்றையும் உடன்கொண்டு வந்தால், ஆங்கிலத்தார் விபத்துகளால் கற்ற வேறுபாடுகளைத் தமிழ்க் கலைச்சொற்கள் தொடக்கத்திலேயே காட்டவல்லன ஆகும்.