கருஞ்சுவரின் சாட்சியம்: யாழ்ப்பாணத் தீவகத்தின் நுண்பாசிகளும் சமூக வரலாறும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாற்றை எழுத முற்பட்டோர் சாசனங்களையும் கோட்டைகளையும் ஐரோப்பியர் விட்டுச்சென்ற ஆவணங்களையும் சான்றுகளாகக் கொண்டனர். அது தக்கதே. ஆயின், ஊர்காவற்றுறையின் பழைய கட்டடங்களிலும், நெடுந்தீவின் கோட்டை இடிபாடுகளிலும், நயினாதீவின் மதில்களிலும் கரிய படலமாகப் படிந்திருக்கும் ஒரு சான்றினை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதனை அழுக்கு என்பார் பலர். பழைமையின் சின்னம் என்பார் சிலர். இரண்டும் முழு உண்மையல்ல. அது உயிருள்ள ஒரு தொகுதி. கல்லின் தன்மை, காலநிலை, மனித உழைப்பு ஆகிய மூன்றும் கூடியே அதன் இயல்பை நிருணயிக்கின்றன. இம்மூன்றனுள் மனித உழைப்பின் பங்கினை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கமாகும்.

நுண்பாசி என நாம் இங்குக் குறிப்பவை, நுணுக்குக்காட்டியின் துணையின்றித் தனித்தனியே காணவியலாதனவும், ஒளித்தொகுப்பினால் தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்குவனவுமான உயிர்களாம். அவற்றுட் பச்சைப் பாசிகளும் உள. நீலப்பச்சைப் பாசிகளும் உள. பின்னவை இன்றைய வகைப்பாட்டின்படி பற்றீரியாக்களைச் சார்ந்தனவாயினும், வாழிடம் நோக்கிப் பாசிகளோடு சேர்த்து ஆராய்தல் மரபாகும். மனிதனுக்கு நகரம் என்பது சந்தை, துறைமுகம், நிருவாகம். நுண்பாசிக்கோ அது கல், சுண்ணாம்பு, வடிநீர், நிழல், கழிவு என்பவற்றின் தொகுதி. இந்நோக்கிற் பார்க்குமிடத்து, நெடுங்காலம் துறைமுகப் பட்டினமாக விளங்கிய ஊர்காவற்றுறையும், கல்லும் சுண்ணாம்புங்கொண்டு கட்டிய தீவகக் குடியிருப்புக்களும் நகர வாழிடத்தின் இயல்புகளை உடையனவே.

ஐரோப்பிய நகரங்களின் ஈரச் சுவர்கள் பொதுவாகப் பச்சை நிறம் பூண்டவை. அயர்லாந்தின் கால்வே நகரில் 1990களில் நிகழ்ந்த ஆய்வுகள், பிரசியோலா என்னும் பச்சைப் பாசியும் அதன் இனத்தனவும் அந்நகரச் சுவரடிகளில் வாழும் முறையை விளக்கின. குளிர்ந்த, ஈரமிக்க அத்திலாந்திக் காலநிலையும், விலங்குகளின் சிறுநீர் முதலியவற்றாற் கிடைக்கும் நைதரசனும் அப்பாசிகளுக்கு ஏற்றவை. வெப்ப வலய நகரங்களிலோ நிலைமை வேறு. இவ்வேறுபாட்டை முறையாக எடுத்துரைத்தோருள் முன்னோடியானவர் பெலிக்ஸ் இயூஜின் பிரிட்ஸ் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். இலங்கையின் நன்னீர்ப் பாசிகளையும், நிலத்திலும் பாறையிலும் மரப்பட்டையிலும் வாழும் பாசிகளையும் ஆராய்ந்து 1907இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள், வெப்ப வலயத்தின் திறந்த பரப்புக்களில் நீலப்பச்சைப் பாசிகளே ஆதிக்கம் செலுத்துகின்றன என நிறுவின. உலக அறிவியல் ஏற்றுக்கொண்ட ஒரு பொதுமைக்கு இலங்கை மண்ணே களமாயிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதன் காரணத்தை யாழ்ப்பாணத்தின் காலநிலை நன்கு விளக்குகின்றது. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கின்றது. அதன்பின் நீண்ட வறட்சி. சோளகம் வீசுங்காலத்தில் உப்பும் புழுதியும் சுவரில் மோதுகின்றன. தீவகத்தில் அக்காற்றைத் தடுக்கக் குன்றோ பெருங்காடோ இல்லை. ஆகவே இச்சுவரில் வாழவேண்டிய உயிர் சில மாதங்கள் நனைந்தும் பல மாதங்கள் காய்ந்தும் கிடக்க வல்லதாதல் வேண்டும். சைற்றோனீமா, குளோயோகப்சா முதலிய நீலப்பச்சைப் பாசிகள் இத்தகையன. அவை தம்மைச் சூழப் பசைத்தன்மையான உறையை அமைத்துக்கொள்கின்றன. அவ்வுறையிற் பொதிந்துள்ள சைற்றோனெமின் என்னும் மஞ்சட் கபில நிறப்பொருள் புறஊதாக் கதிர்களை உறிஞ்சி உள்ளிருக்கும் உயிரைக் காக்கின்றது. இத்தகைய நிறமேறிய உறைகள் அடுக்கடுக்காய்ச் செறியும்போது சுவர் கருமையாகத் தோன்றுகின்றது. காய்ந்தபோது உறங்கிக் கிடக்கும் இவ்வுயிர்கள் மழை பட்டதும் விரைவில் மீளத் தொழிற்படுகின்றன. சைற்றோனீமா போன்றவை வளியிலுள்ள நைதரசனையே நிலைப்படுத்த வல்லவையாதலால், கால்வேயின் பாசிகள் போலப் பிறர் தரும் உரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. ஒடிசாவின் பழங்கோயில்களின் கருமையை ஆராய்ந்தோரும் நீலப்பச்சைப் பாசிகளையே முதன்மைக் காரணமாகக் கண்டனர்.

இத்துறையிற் தமிழறிஞரின் பங்கும் சிறிதன்று. சென்னையிற் பணியாற்றிய பேராசிரியர் மா. ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், நிலத்தில் வாழும் புதியதொரு பாசியை 1932இல் விவரித்து, பிரிட்ஸின் பெயரால் அதற்குப் பிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். அவர் வழிவந்த தி. வே. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகள் பற்றி 1959இல் வெளியிட்ட பெருநூல், இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் இவ்வுயிர்களை இனங்காண்போர்க்கு இன்றும் துணைநிற்கின்றது. இவ்வறிவுச் செல்வத்தை வரலாற்றாய்வு பயன்கொள்ளாதிருப்பது எமது குறைபாடே.

பாசியின் வாழிடத்தை இயற்கை மாத்திரம் அமைக்கவில்லை. நயினாதீவிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கா. இந்திரபாலா 1963இற் பதிப்பித்து ஆராய்ந்த இச்சாசனம், ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளித்தலையும், யானைகளும் குதிரைகளும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடையின் கொள்ளவேண்டிய பங்கினையும் கூறுகின்றது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. வணிகம் துறைமுகத்தை ஆக்கியது. துறைமுகம் கட்டடங்களை வேண்டியது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் கடற்கோட்டை முதலிய அரண்களை எழுப்பவும் விரிக்கவும் முருகைக்கல்லையும் சுண்ணக்கல்லையும் பயன்படுத்தினர். தீவுகளுக்கு லைடன், டெல்வ்ட், ஹார்லெம் எனத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர்க்கு, அக்கல்லை உடைத்தும் சுமந்தும் சுண்ணாம்பு நீற்றியும் கொடுத்தது இம்மண்ணின் உழைப்பாகும். கடலடியிற் கிடந்த முருகைக்கல்லைக் காற்றுக்கும் வெயிலுக்கும் உயர்த்திய அவ்வுழைப்பே நிலப்பாசிகளுக்கும் புதியதொரு வாழிடத்தை வழங்கிற்று.

இங்குச் சுண்ணாம்பின் இரசாயனம் கவனிக்கத்தக்கது. புதிதாகப் பூசிய சுண்ணாம்புச் சாந்து மிகுந்த காரத்தன்மை உடையது. அதிற் பாசி வாழ்தல் அரிது. வளியிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து அது சுண்ணக்கல்லாக மாற மாறக் காரம் தணிகின்றது, பாசியும் குடியேறுகின்றது. இன்றைய சீமெந்துச் சுவருக்கும் இவ்விதி பெரிதும் பொருந்தும். தைப்பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ சுவருக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் அழகுக்காக மாத்திரம் ஏற்பட்டதன்று. அது ஆண்டுதோறும் பாசியின் குடியேற்றத்தைத் தடுத்து, சுவரை மீண்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகின்றது. எனவே வெண்சுவர் என்பது கல்லின் இயல்பன்று. இடையறாத மனித உழைப்பின் விளைவு. அவ்வுழைப்பு நின்றவிடத்துக் காலநிலை தன் ஆட்சியைத் தொடங்குகின்றது.

சுவருக்குரிய இவ்விதி நீருக்கும் உரியது. தீவகத்தின் நன்னீர் மழையாற் கிடைப்பது. மண்ணுக்கடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. ஆழ்ந்த, நிழலுடைய கிணற்றில் ஒளி குறைவு, பாசியும் குறைவு. வெயில் படும் ஆழமற்ற குளத்திலோ துரவிலோ, கால்நடைகளின் கழிவும் சேருமாயின், கோடையில் நீர் பச்சையாகின்றது. யாழ்ப்பாணச் சமூகத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொதுக் கிணறுகளும் கோயிற் கிணறுகளும் மறுக்கப்பட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. கிணறு மறுக்கப்பட்டவன் பிறர் வார்க்கும் நீருக்குக் காத்திருக்கவேண்டும். இல்லையேல் திறந்த குளத்தை நாடவேண்டும். ஒருவன் குடித்த நீரிற் பாசி இருந்ததா இல்லையா என்பதை நிருணயித்தது வெயிலும் மழையும் மாத்திரமல்ல, சாதியும் ஆகும். தலைநகரின் நிலைமையும் இவ்வாறே. கொழும்பின் பேர ஏரி நகரக் கழிவுகளைப் பெற்றுப் பெற்று நீலப்பச்சைப் பாசிகள் மலியும் நீர்நிலையாயிற்று. அங்குக் காலநிலை மாறியதிலும் பார்க்க நகரத்தின் வாழ்க்கைமுறை மாறியதே பெரிது.

1990ஆம் ஆண்டளவில், போரின் விளைவாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். சிலர் பின்னர் மீண்டனர். பலர் கொழும்பிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் தங்கினர். கூரையிழந்த வீடுகளில் மாரி மழை உட்சுவரிலும் வழிந்தது. வெள்ளையடிப்பார் இலராக, வெளிச்சுவருக்குரிய கருமை அறைகளுக்குள்ளும் புகுந்தது. சாமியறையின் மாடத்தைச் சூழவும் பாசி படர்ந்த வீட்டைக் கண்டோர் அதன் பொருளை அறிவர். உட்சுவரின் கருமை கூரையின் அழிவைச் சொல்கின்றது. கூரையின் அழிவு குடியின் பிரிவைச் சொல்கின்றது. எந்த ஆவணக் காப்பகத்திலும் பதியப்படாத ஒரு பிரிவின் சாட்சியம் இது.

எனினும் இச்சான்றினைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். கருமையின் அளவைக்கொண்டு ஆண்டுக்கணக்கினை நேரே வரையறுத்தல் இயலாது. மழைநீர் வழியும் முகப்பு விரைவிற் கறுக்கும். காற்றடி மறைந்த முகப்பு நெடுநாள் வெளிறியே நிற்கும். முருகைக்கல்லின் நுண்துளைகள் நீரைத் தேக்கும். மெழுகிய சீமெந்து அவ்வாறு தேக்காது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகள் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. அவற்றின் கருமையை வெள்ளையடித்து வந்த வீட்டுச் சுவரின் கருமையோடு ஒப்பிடுதல் தவறு. ஒத்த கல்லும் ஒத்த திசையும் உடைய சுவர்களையே ஒப்பிடவேண்டும். வீட்டாரின் வாய்மொழியோடும் ஆவணங்களோடும் சேர்த்து நோக்கும்போதே பாசி சாட்சி சொல்லும்.

தொல்பொருட் பேணல் பற்றிய வினாவும் இங்கு எழுகின்றது. பழஞ்சுவரைத் தூய்மை செய்கின்றோம் என்று கம்பித் தூரிகையாற் தேய்ப்பதும் அமிலம் ஊற்றுவதும் கேடு விளைப்பன. அமிலம் சுண்ணக்கல்லையே கரைக்கும். தேய்ப்பு கல்லின் மேற்படையை அகற்றி, மேலும் நீரைத் தேக்கும் சொரசொரப்பான பரப்பை உண்டாக்கும். சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லைத் துளைப்பன என்பதும் உண்மையே. ஆதலால் எல்லாவற்றையும் அகற்றுக என்றோ, ஒன்றையும் தொடாதீர் என்றோ பொதுவிதி கூறலாகாது. முதலில் நீர் எங்கிருந்து வழிகின்றது என அறிந்து அதனைத் திருப்புதலே அறிவுடைமை. நீரின்றேற் பாசியும் அடங்கும்.

யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழகக் கல்வி 1974இல் தொடங்கியது. தாவரவியலும் வரலாறும் அங்கு அருகருகே பயிலப்படுகின்றன. தீவகத்தின் சுவர்களையும் நீர்நிலைகளையும் இரு துறையினரும் ஒருங்கே சென்று பதிவுசெய்வார்களாயின், சாசனம் பொறிக்கும் வசதி பெறாத மக்களின் வரலாற்றுக்கும் ஒரு மூலம் கிட்டும். அப்பணியைக் காலந்தாழ்த்தலாகாது. மீண்டு வருவோர் வீடுகளைப் புதுக்குகின்றனர், அது வரவேற்கத்தக்கதே. வாழ்வு திரும்புமிடத்துக் கருமை மறையத்தான் வேண்டும். ஆயின் வெள்ளை பூசுமுன் அச்சுவர் சொல்லுவதை ஒருமுறை படித்து எழுதிவைத்தல் எமது கடமையாகும்.