பரல் உள்ளே போன வழி

மூடிய உலோகக் குண்டுக்குள் பரல் எப்படிப் போகிறது? பெங்களூரில் நண்பர் ஒருவர் வீட்டில் சீனத்து உலோகக் குண்டுகள் இரண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது. ஹெபெய் மாகாணத்து பாவோடிங் நகரின் பெயரால் அறியப்படும் குண்டுகள் அவை. எஃகுத் தகட்டில் இரண்டு அரைக்கோளங்களை அழுத்தி எடுத்து, உள்ளே சுருள்கம்பியும் சிறு குண்டும் வைத்து, விளிம்பைப் பற்றவைத்து மெருகேற்றுகிறார்கள். ஜோடியில் ஒன்று மேல் ஸ்தாயியில் ஒலிக்கும், மற்றது கீழ் ஸ்தாயியில். பற்றவைத்த இடத்தைத் தேய்த்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தக் குண்டுகளின் விடை நம் ஊர்ச் சலங்கைக்குப் பொருந்தாது. பழைய வெண்கலச் சலங்கை மணியைத் திருப்பிப் பாருங்கள். மூட்டே இருக்காது. அடியில் ஒரு கீற்று, உள்ளே அந்தக் கீற்றைவிடப் பெரிய இரும்புப் பரல். பித்தளையாக இருந்தால் வாயை அகலமாக வார்த்து, பரலைப் போட்டு, தட்டி மூடியிருக்கலாம். வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை ஆறிய பிறகு தட்டினால் வெடித்துவிடும். ஆகவே பரல் வேறு வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

தேடலை நிருபதுங்க சாலையில், 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டியின் நூலகத்தில் ஆரம்பித்தேன். பி. எல். ரைஸின் மைசூர் கெஸட்டியர் பித்தளை, செம்பு வேலை நடந்த ஊராகச் சிரவணபெளகொளத்தையும், அந்த வேலையைச் செய்த போகார்களையும் குறிப்பிடுகிறது. யார், எங்கே என்பதற்கு விடை உண்டு. எப்படி என்பதற்கு இல்லை.

அடுத்து எடுத்தது மானசோல்லாசம். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய இந்த நூலின் ஒரு பகுதியை, 1926-இல் ஆர். சாமா சாஸ்திரி மைசூரிலிருந்து பதிப்பித்தார். மெழுகுருவைச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்க்கும் முறையை மன்னன் படிப்படியாகச் சொல்கிறான். மெழுகின் எடையைப் போல் வெள்ளி 12 மடங்கு, பொன் 16 மடங்கு வேண்டும் என்ற கணக்கும் தருகிறான். ஓர் அரசன் பட்டறைக் கணக்கை இவ்வளவு அக்கறையோடு எழுதி வைத்திருப்பது என்னை நெகிழ வைத்தது. ஆனால் அவன் சொல்வது கெட்டி வார்ப்பு. அதில் உள்வெளியும் இல்லை, பரலுக்கு இடமும் இல்லை.

துப்பு கேரளத்தில் கிடைத்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்னம், திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சான நூல். உள்ளீடற்ற உருவம் வேண்டுமானால் முதலில் மண்ணால் கரு செய்து, அதன்மேல் மெழுகை ஏற்று என்கிறது அது. சலங்கையைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் கரு மண் என்றதும் எனக்கு வழி திறந்துவிட்டது. பரல் மணிக்குள் போகவே இல்லை. பரலைச் சுற்றித்தான் மணி உருவாகிறது.

பரலை மண்ணில் பொதிந்து உருட்டிக் காயவைக்க வேண்டும். அதன்மேல் மெழுகு போர்த்தும்போது கீற்றுக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். பிறகு மேல்மண் பூசினால், அந்த இடத்தில் உள்மண்ணும் வெளிமண்ணும் ஒட்டிக்கொள்ளும். மெழுகு உருகி ஓடிய பிறகும் கரு நகராமல் நிற்பது இந்தப் பிடிப்பால்தான். வார்த்து ஆறியபின் சுட்ட மண்ணைக் கீற்று வழியே குத்தி உதிர்க்க, பரல் விடுபடுகிறது. கருவைப் பிடிப்பதும் மண்ணை வெளியேற்றுவதும் ஒலியை விடுவதும் அந்த ஒரே கீற்று! பார்க்கப் பார்க்க அலுக்காத அறிவு இது.

வெப்பக் கணக்கும் ஒத்துவருகிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா ஸ்ரீனிவாசன் ஆதிச்சநல்லூர், நீலகிரிப் பழங்கலன்களை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 23 விழுக்காடு வெள்ளீயம் கொண்ட வெண்கலத்தை அடையாளம் கண்டவர். அத்தகைய வெண்கலம் 900 டிகிரிக்குள் உருகிவிடும். இரும்புக்கோ 1,538 டிகிரி வேண்டும். பரல் உருகாது, மண் போர்வை இருப்பதால் சுவரோடு ஒட்டவும் செய்யாது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்துக்குத் திரும்பினேன். அதில் கண்ணகி தொடுக்கும் வழக்கே சிலம்பின் உள்ளிருக்கும் பரலைப் பற்றியதுதான். கண்ணகியுடையது மாணிக்கம், பாண்டிமாதேவியுடையது முத்து. பொன் உருகுவது 1,064 டிகிரியில். மாணிக்கம் அதைத் தாங்கும். முத்து சில நூறு டிகிரியிலேயே கருகிவிடும். கரு மண்ணுக்குள் முத்தை வைத்துச் சிலம்பை வார்த்திருக்கவே முடியாது, பரலிட்டபின் பற்றவைத்திருக்கவும் முடியாது. பொன் தகட்டைக் குழலாக வளைத்து, முத்தை இட்டு, நெருப்பில்லாமல் விளிம்பை மடித்தோ ஆணி செருகியோதான் மூடியிருக்க வேண்டும். இரண்டு சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்ததால்தானே பொற்கொல்லனின் பொய் எடுபட்டது? அப்படியானால் கண்ணகியின் சிலம்பும் அதே தகட்டு வேலைதான். தடித்த சுவரோடு வார்த்த சிலம்பென்றால் அவள் உடைத்த வேகத்தில் பிளந்திருக்காது. மடித்து மூடிய மெல்லிய தகடு என்பதால்தான் வாய்பிளந்து, மாணிக்கம் அரசன் முகம்வரை தெறித்தது.