வார்டிலிருந்து நிர்வாகத்துக்கு: செவிலியர்களின் இணையவழி முதுநிலைப் படிப்பு

நோயாளிகளை நேரடியாகப் பராமரிக்கும் செவிலியர்கள் வேலையை விடாமலே இணையம் வழியாக முதுநிலைப் பட்டம் பெற்று மருத்துவமனை நிர்வாகப் பொறுப்புக்கு வருவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நன்கு வேரூன்றிய வழக்கம். சார்ஜ் நர்ஸ், நர்ஸ் மேனேஜர், செவிலியர் இயக்குநர், தலைமைச் செவிலிய அதிகாரி என்பது அங்குள்ள படிவரிசை. சார்ஜ் நர்ஸின் பொறுப்பு ஒரு ஷிஃப்டோடு முடிந்துவிடும். அதற்கு அனுபவம் போதும். ஆள் எடுப்பதும் பட்ஜெட் போடுவதும் நர்ஸ் மேனேஜர் நிலையில்தான் கைக்கு வருகின்றன. முதுநிலைப் படிப்பின் தேவையும் அங்கேதான் தலைகாட்டுகிறது.

வரலாறு

வார்டிலிருந்து நிர்வாகத்துக்குப் போகும் இந்த மாற்றத்தை இணைய யுகத்தின் புதுமையாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர்க்களத்துக்குப் போகும் முன், 1853இல், லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறு மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். மாடிதோறும் வெந்நீர்க் குழாய், உணவை மேலே ஏற்ற ஒரு லிஃப்ட் என்று அவர் அங்கே கேட்டவை எல்லாம் நிர்வாகியின் கோரிக்கைகள். அமெரிக்காவில் செவிலியர்களைப் பல்கலைக்கழக வாசலுக்கு அழைத்து வந்த படிப்பும் நிர்வாகம் சார்ந்ததே. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆசிரியர் கல்லூரி 1899இல் ‘மருத்துவமனைப் பொருளியல்’ என்ற பெயரில் பயிற்சி முடித்த செவிலியர்களுக்கான படிப்பைத் தொடங்கியது. மருத்துவமனைகளையும் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளையும் நடத்தும் கண்காணிப்பாளர்களை உருவாக்குவது அதன் நோக்கம். 1907இல் அங்கே பேராசிரியரான மேரி அடிலெய்டு நட்டிங், உலகின் முதல் செவிலியப் பேராசிரியராகக் கருதப்படுகிறார்.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. 1934இல் சிகாகோ பல்கலைக்கழகம் மருத்துவமனை நிர்வாகத்துக்கெனத் தனி முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தகைய பட்டதாரிகள் மருத்துவமனையின் கணக்கையும் கட்டடத்தையும் வாங்கல் கொடுக்கலையும் கவனிக்க, செவிலியர்கள் செவிலியத் துறைக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

அவர்களை மீண்டும் கணக்குப் பக்கம் இழுத்தது அரசுக் காப்பீடு. 1983இல் மெடிகேர் என்னும் அந்தத் திட்டம், தங்கிய நாட்களின் செலவைக் கணக்கிட்டுத் தருவதை விட்டு, நோய் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்த தொகையைத் தரத் தொடங்கியது. 2008 அக்டோபர் முதல் இன்னும் இறுக்கியது: மருத்துவமனையில் வந்த கடும் படுக்கைப் புண், கீழே விழுந்து பட்ட காயம், சிறுநீர் வடிகுழாய் வழியே தொற்றிய நோய் ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் கிடையாது என்றது. நோயாளியை நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைப்பது அதுவரை செவிலியரின் கடமை மட்டுமே. அன்றிலிருந்து அது மருத்துவமனையின் வரவு செலவிலும் ஏறியது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு நிர்வாகத்தில் மதிப்பு கூடியதில் வியப்பில்லை.

வேலையின் தன்மை

நர்ஸ் மேனேஜரின் பொழுதில் பெரும்பகுதியை விழுங்குவது ஆள் கணக்கு. அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரம் என்ற அளவில் ஒரு முழுநேரப் பணியிடம் என்பது ஆண்டுக்கு 2,080 மணி நேரம். ஒரு வார்டில் இரவு பகலாக எப்போதும் ஒரு செவிலியர் நிற்க வேண்டுமானால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் தேவை. ஆக, ஒரே ஒரு இடத்தை நிரப்ப 4.2 பணியிடம் வேண்டும். வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிஃப்ட் என்று 36 மணி நேரம் மட்டும் வேலை செய்பவர்களானால் ஏறத்தாழ 4.7 பேர் வேண்டும். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி நாட்கள் எல்லாம் சேர்ந்தால் ஐந்தைத் தாண்டும். நைட் டியூட்டியில் ஆள் போதவில்லை என்று புலம்பிய அதே செவிலியர், மேனேஜர் நாற்காலிக்கு வந்ததும் இந்தக் கணக்கை நிதிப் பிரிவிடம் விளக்கி, இன்னும் ஒரு பணியிடம் கேட்டு வாதாட வேண்டியவர் ஆகிறார். முதுநிலைப் படிப்பு தருவது பெரும்பாலும் இந்த வாதத்துக்கான மொழியைத்தான்.

வாதத்துக்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கென் குழுவினர் 2002இல் வெளியிட்ட கட்டுரை, அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. கலிபோர்னியா 2004இலிருந்து செவிலியர் - நோயாளி விகிதத்தைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது.

எந்தப் பட்டம்

இணையவழியா நேரடியா என்பதைவிட எந்தப் பட்டம் என்பதே பின்னாளில் அதிகம் பேசும். எம்.எஸ்.என். செவிலியத்தில் முதுநிலை, அதில் தலைமைத்துவம், நிர்வாகம் என்ற பிரிவுகள் உண்டு. எம்.எச்.ஏ. மருத்துவ நிர்வாகத்துக்கானது, மருத்துவப் பின்புலம் இல்லாதவர்களும் அதே வகுப்பில் இருப்பார்கள். எம்.பி.ஏ. இன்னும் அகலமானது. மருந்து நிறுவனம், காப்பீடு, மருத்துவ மென்பொருள் என்று மருத்துவமனைக்கு வெளியே போக நினைப்பவர்களுக்குப் பின்னவை இரண்டும் ஒத்துவரும். செவிலியத் துறையின் உச்சிக்கே போக விரும்புபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செவிலியப் பராமரிப்பில் சிறந்த மருத்துவமனைகளுக்கு வழங்கப்படும் ‘மேக்னட்’ அங்கீகாரத்தின்படி, தலைமைச் செவிலிய அதிகாரிக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். அது செவிலியம் அல்லாத துறையில் இருந்தால், இளநிலையோ முனைவர் பட்டமோ செவிலியத்தில் இருந்தாக வேண்டும். இரண்டாண்டு டிப்ளமோ அளவிலான படிப்போடு செவிலியராகி, வேறு துறையில் இளநிலையும் பிறகு எம்.எச்.ஏ.வும் முடித்தவர் அந்தக் கதவின் முன் நின்றுபோவார்.

அங்கீகார அமைப்புகளும் பட்டத்துக்குப் பட்டம் வேறு. செவிலியப் படிப்புக்கு சி.சி.என்.ஈ. அல்லது ஏ.சி.ஈ.என்.; மருத்துவ நிர்வாகப் படிப்புக்கு சி.ஏ.எச்.எம்.ஈ. விளம்பரத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று பொதுவாக எழுதியிருப்பதை நம்பிப் பணம் கட்டுவது அறிவுடைமை ஆகாது.

இணையத்தில் படிப்பது

ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 1989இலேயே இணையவழிப் பட்டங்களைத் தொடங்கியிருந்தது. 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் வேறொரு முறையைக் கொண்டுவந்தது: ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், திறனை நிரூபித்தால் அடுத்த பாடம், வேகமாக முடிப்பவருக்குச் செலவு குறைவு. பல ஆண்டு வார்டு அனுபவம் உள்ளவர்களுக்கு இது லாபம்.

ஷிஃப்ட் வேலைக்கும் இணையப் படிப்புக்கும் பொருத்தம் உண்டு. பெரும்பாலான படிப்புகளில் குறித்த நேரத்தில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வாரக் கடைசிக்குள் வாசித்து, விவாதப் பக்கத்தில் எழுதி, கட்டுரை அனுப்பினால் போதும். வாரத்தில் நான்கு நாள் ஓய்வு என்று கேட்கச் சுகமாக இருக்கும். இரவு ஷிஃப்டுக்குப் பின் அதில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விடுவதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. படிப்பு முழுதும் திரையிலேயே முடிவதும் இல்லை. எம்.எஸ்.என். படிப்புகளில் ஒரு நிர்வாகியின் கீழ் களப்பயிற்சி உண்டு. அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகள் சங்கம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை உயர்நிலைச் செவிலியப் படிப்புக்குக் குறைந்தது 500 மணி நேரப் பயிற்சியை வலியுறுத்துகிறது. வழிகாட்டியைத் தேடிப் பிடிப்பது பல இடங்களில் மாணவரின் தலையில்தான் விழுகிறது. வேலை செய்யும் மருத்துவமனையிலேயே ஒரு நல்ல இயக்குநர் அமைந்தால் அதிர்ஷ்டம்.

பணம்

பல மருத்துவமனைகள் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. அப்படி வேலை தருபவர் கொடுப்பதில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை நெடுங்காலமாக வருமான வரி கிடையாது. படிப்பை ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொள்பவர்கள் இந்த வரம்பைப் பார்த்தே பாடங்களைத் தேர்கிறார்கள். பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க நேரலாம்.

2023இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்கில் பதிவு பெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர். மருத்துவ நிர்வாகிகளுடையது 1,10,680 டாலர். இந்த இடைவெளியை முதல் படியிலேயே எதிர்பார்க்கக் கூடாது. மேனேஜருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஓவர்டைம் கிடையாது. வார்டின் பொறுப்போ 24 மணி நேரமும் அவருடையது. ஓவர்டைமும் இரவுப்படியும் வாங்கிக்கொண்டிருந்த மூத்த செவிலியர் பதவி உயர்வால் கையில் வருவது குறைந்து நிற்பது உண்டு.

இந்தியாவில்

இந்தியாவில் இதே வழி வேறு விதமாக வளைகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் செவிலியப் படிப்பைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தத் தடை விதிக்கின்றன; மேலாண்மைப் படிப்புக்குத் தடை இல்லை. ஆகவே எம்.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். வேலையோடு படிக்க விரும்பும் செவிலியருக்கு மருத்துவமனை மேலாண்மையில் இணையவழி எம்.பி.ஏ., இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை மற்றும் சுகாதார மேலாண்மை முதுநிலை டிப்ளமோ போன்றவையே எஞ்சுகின்றன. இவை தனியார் மருத்துவமனைகளில் தரக்கட்டுப்பாடு, செயல்பாட்டு மேலாண்மை போன்ற பணிகளுக்கு உதவும். அரசு மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளர் பதவிக்குப் பணிமூப்பே முதன்மை. மருத்துவமனைத் தலைமை மருத்துவர்களிடமே இருக்கிறது. எம்.பி.ஏ. முடித்த செவிலியர் பின்னர் செவிலியக் கல்லூரியில் பேராசிரியராகவோ முதல்வராகவோ வர விரும்பினால், அந்தப் பட்டம் அங்கே செல்லாது, எம்.எஸ்சி. நர்சிங்கைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.