5-ம் வகுப்பு முடிந்ததும் தனியார் பள்ளிக்கா? நீலகிரி பெற்றோரே... ஒரு நிமிடம்!

ஊட்டி:

"அஞ்சாவது வரைக்கும் நம்ம ஊரு ஸ்கூல்ல படிச்சான். ஆறாவதுக்கு வேன் வர்ற பிரைவேட் ஸ்கூல்ல போட்டுடலாமா?" நீலகிரி மாவட்டத்தில் ஏப்ரல், மே வந்தாலே தேயிலைத் தோட்டத்திலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் இதுதான் பேச்சு.

கேள்வி சின்னது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. 6-ம் வகுப்பில் எடுக்கும் அந்த முடிவு, பிளஸ்-2 முடிந்து கல்லூரி வாசலில் நிற்கும் போதுதான் தன் வேலையைக் காட்டும். அப்போது "தெரியாம போச்சே" என்று கை பிசைந்து பயன் இல்லை. அதனால் இந்த மாவட்டத்து அரசு பள்ளியில் பிள்ளைக்கு என்னென்ன கிடைக்கும், எதை விட்டால் எது போகும் என்பதை முன்கூட்டியே பார்த்து விடுவோம்.

சின்ன மாவட்டம், நீண்ட பாதை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என மொத்தமே 6 தாலுகாக்கள். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள் தொகை 7 லட்சத்து 35 ஆயிரம். மலைக்குக் கீழே இருக்கும் கோவை மாவட்டத்தில் அதே கணக்கெடுப்பில் 34 லட்சம் பேர்.

மாவட்டம் சின்னது என்றாலும் பள்ளிக்குப் போகும் பாதை சின்னது அல்ல. ஊர்கள் மலைக்கு ஒன்றாக சிதறிக் கிடக்கின்றன. படுகர் ஹட்டிகள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வசிக்கும் பழங்குடி கிராமங்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்களின் தோட்டக் குடியிருப்புகள் என்று பல தரப்பு குடும்பங்கள். பல ஊர்களில் 5-ம் வகுப்போடு உள்ளூர் பள்ளி முடிந்து விடும். அங்குதான் "பள்ளி மாற்றலாமா" என்ற பேச்சு தொடங்குகிறது.

வயிற்றுக்கும் உடம்புக்கும்

அரசு தொடக்கப்பள்ளியில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலை சிற்றுண்டி உண்டு. 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்டு 25-ந்தேதி முதல் தமிழகம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. அப்பா, அம்மா இருவரும் விடிந்ததும் கொழுந்து பறிக்க கிளம்பும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியது இல்லை. மதியம் முட்டையுடன் சத்துணவு. எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய திட்டம் அது.

பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, புத்தகப்பை எல்லாம் இலவசம். மலைப்பகுதி பள்ளி என்பதால் இங்கே கூடுதலாக ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் ஆகியவையும் உண்டு. சத்துணவு சாப்பிடும் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இவை வழங்கப்படும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டி மீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. இங்கே மழைக்கோட்டு என்பது அலங்காரப் பொருள் இல்லை.

பிளஸ்-1 சேர்ந்தால் சைக்கிள் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் அதை மிதிப்பது எப்படி என்பது வேற விஷயம். அரசு பஸ்சில் இலவச பாஸ் இருக்கிறது. யானை நடமாடும் காட்டு வழியில் நடந்து வர வேண்டிய குடியிருப்பு என்றால், பள்ளிக் கல்வித்துறையின் போக்குவரத்து மற்றும் வழிக்காவலர் வசதி கேட்கலாம். தமிழக விதிப்படி தொடக்கப்பள்ளி 1 கிலோ மீட்டருக்குள்ளும், நடுநிலைப்பள்ளி 3 கிலோ மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்குத்தான் இந்த வசதி. பழங்குடியின பிள்ளைகளுக்கு தங்கும் இடம், சாப்பாட்டுடன் கூடிய உண்டு உறைவிட பள்ளிகளும் உள்ளன.

கையில் வரும் பணம்

10-ம் வகுப்புக்கு ரூ.1,500, பிளஸ்-1-க்கு ரூ.1,500, பிளஸ்-2-வுக்கு ரூ.2,000. ஆக மொத்தம் ரூ.5 ஆயிரம் ஊக்கத்தொகை. படிப்பை பாதியில் விடக்கூடாது என்பதற்காக கொடுப்பது. பிளஸ்-2 முடித்ததும் கைக்கு வரும்.

8-ம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.50 லட்சத்துக்குள் இருப்பவர்கள் எழுதலாம். தேர்வானால் மாதம் ரூ.1,000 வீதம் 4 ஆண்டுக்கு ரூ.48 ஆயிரம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குத்தான் இது.

9-ம் வகுப்பில் கிராமப்புற மாணவர்களுக்கு "டிரஸ்ட்" எனப்படும் ஊரகத் திறனாய்வு தேர்வு. தொகை ஆண்டுக்கு ரூ.1,000-தான். ஆனால் இதில் ஒரு சுவாரசியம் உண்டு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவி என்று ஒதுக்கீடு. பெரிய மாவட்டத்துக்கும் அதே நூறு. நீலகிரிக்கும் அதே நூறு. சின்ன மாவட்டத்தில் இருப்பது இங்கே லாபம்.

இன்னொன்று, யாருக்கும் தேவைப்படக்கூடாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரில் ரூ.75 ஆயிரம் வைப்புத்தொகை போடப்படும். தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

இதுதான் முக்கியம்

இனிமேல்தான் 6-ம் வகுப்பு கணக்கு வருகிறது.

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் சட்டம் வந்தது. நீட் தேர்ச்சி பெற்ற அரசு பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவ படிப்புகளில் தனி இடம். 2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அந்த ஒதுக்கீடு வந்தது. அந்த இடத்தில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதி கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. இப்போது ஊட்டியிலேயே 150 இடங்களுடன் அரசு மருத்துவ கல்லூரி இருக்கிறது.

இரண்டாவது, மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கியது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படித்து முடிக்கும் வரை மாதம் ரூ.1,000. மூன்றாவது, மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம். 2024 ஆகஸ்டு 9-ந்தேதி கோவையில் தொடங்கியது. அதே ரூ.1,000.

இந்த மூன்றுக்கும் ஒரே நிபந்தனைதான். 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

"ஆறு, ஏழு மட்டும் பிரைவேட்ல படிக்கட்டும், எட்டாவதுக்கு கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வந்துடலாம்" என்று நினைத்தால் போச்சு. இடையில் ஓரிரு ஆண்டு கட்டணம் கட்டி தனியார் பள்ளியில் படித்தாலே தகுதி போய் விடும். பட்டப்படிப்பு 3 ஆண்டுக்கு மாதம் ரூ.1,000 என்றால் ரூ.36 ஆயிரம். மருத்துவ இடம் என்றால் அதற்கு விலையே கிடையாது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கல்வி உரிமை சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை இலவசமாக படித்த பிள்ளை, 9 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தால் தகுதி உண்டு. அந்த இலவசம் 8-ம் வகுப்போடு முடிந்து விடும். அதன் பிறகு அங்கேயே தொடர்ந்தால் கட்டணமும் கட்ட வேண்டும், இந்த சலுகையும் போய் விடும்.

உதவி பெறும் பள்ளி என்றால்?

மலையில் பழமையான அரசு உதவி பெறும் பள்ளிகள் பல உண்டு. அங்கே படித்தாலும் அரசு பள்ளி மாதிரிதானே என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி, பாதி தப்பு. சத்துணவு, புத்தகம், என்.எம்.எம்.எஸ்., ரூ.5 ஆயிரம் ஊக்கத்தொகை எல்லாம் அங்கேயும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 திட்டமும் உண்டு. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. 2022 ஏப்ரலில் இந்த சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த ஐகோர்ட்டு, உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்கும் கோரிக்கையை ஏற்கவில்லை. மருத்துவ கனவு உள்ள பிள்ளை என்றால் இதை மனதில் வைக்க வேண்டும்.

அதே நேரத்தில் பழங்குடியினர் நலப்பள்ளி, ஆதிதிராவிடர் நலப்பள்ளி, ஊராட்சி ஒன்றிய பள்ளி, நகராட்சி பள்ளி எல்லாமே அரசு பள்ளி கணக்கில் வரும். கவலை வேண்டாம்.

சேர்க்கும் போது

5 வயது நிறைந்தால் 1-ம் வகுப்பு. பிறப்பு சான்றிதழ் இல்லை, டி.சி. இன்னும் வரவில்லை என்பதற்காக 8-ம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக்கூடாது. தோட்ட வேலை மாறி வரும் குடும்பங்கள் இதை தைரியமாக சொல்லலாம்.

எமிஸ் எண்ணில் பிள்ளையின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து விடுங்கள். பெயர் எழுத்து மாறினால் பணம் வரும் நேரத்தில் அலைய வேண்டி வரும். 6 முதல் பிளஸ்-2 வரை எந்த ஆண்டு எந்த பள்ளி என்ற விவரமும் சரியாக பதிவாகி இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417.

எந்த பள்ளி என்பது பெற்றோர் விருப்பம். ஊர் பள்ளியில் ஆசிரியர் போதுமா, பாதை பாதுகாப்பா என்று பார்ப்பதும் நியாயம்தான். ஆனால் டி.சி. வாங்க கிளம்பும் முன் இந்த 7 வருட கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒருமுறை தகுதி போனால் திரும்ப வராது.