பட்டாளம்: தலை ஒரு மொழி, வால் ஒரு மொழி

படையை ஆள்வதால் பட்டாளம் என்று மேடையில் சொன்னால் இன்றும் கைதட்டல் கிடைக்கிறது. படையோடு ஆள் சேர்ந்தால் படையாள், படையாளர், படையாட்சி என்றுதான் தமிழ் நடக்கும். டகரம் இரட்டிக்க அங்கே என்ன வேலை?

நூல்வழக்கும் துணைக்கு வராது. படைமாட்சியில் வள்ளுவர் படை என்பார், தானை என்பார். பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாக வகுப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகள் வரிசை கட்டி நிற்கின்றன. முன்னே போவது தூசி, பின்னே வருவது கூழை. (தூசி இன்று துடைப்பத்துக்கு இரை, அது வேறு கதை.) இத்தனை பேர் கூடிய சபையில் பட்டாளத்தைக் காணோம்.

ஆகவே அது வந்தேறிச் சொல். ஆங்கில 'பட்டாலியன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் வாலைப் பார்ப்பதில்லை. -லியன் எப்படி -ளம் ஆகும்? போர்த்துக்கீசியத்தில் இச்சொல் மூக்கொலியில் முடியும். அதே ஈறுள்ள அவர்களது 'லெய்லாவ்'தான் நம் ஏலம். பொத்தானும் அந்த ஈற்றுச் சொல்தானே, அது ஏன் மகரம் பெறவில்லை என்பார்கள். ஒரு பொத்தான் கழன்றதால் சட்டை கிழிந்துவிடாது.

முழுச்சொல்லும் போர்த்துக்கீசியம் என்பதற்கு டகரம்தான் உண்மையான தடை. போர்த்துக்கீசியத் தகரம் தமிழில் தகரமாகவே தங்கும்: சப்பாத்து, பாதிரி. எனவே பட்டாளத்தின் தலை ஆங்கிலம், வால் போர்த்துக்கீசியம். இது விசித்திரமல்ல. இந்தியாவுக்கு வரும் பாதிரியார்கள் ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்க வேண்டும் என்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் 1698ஆம் ஆண்டுப் பட்டயமே விதித்தது. சென்னைக் கடற்கரையில் அதுவே பொதுப்பேச்சு.

பெயரோடு பொருளும் புதிதாக வந்தது. 1748இல் கடலூர் வந்திறங்கிய ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் கும்பினிப் படையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட 1758-59 காலத்தில் சிப்பாய்க் கூட்டங்கள் பட்டாளங்களாகக் கட்டப்பட்டன. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழி, மருந்தைக் கொட்டு, குண்டை இடு, கோலால் இடி, தூக்கு, சுடு: அத்தனை பேரும் ஒரே கணத்தில். தனிவீரனின் வாள்திறம் இங்கே செல்லாது. பயிற்சியே பட்டாளம்.

இதன் முற்றிய வடிவம் 1922இல் வந்தது. இந்தியக் காலாட்படையின் பழைய பட்டாளங்களைச் சேர்த்துப் பெரிய ரெஜிமெண்டுகளாக்கியபோது, ஒவ்வொன்றின் பத்தாம் பட்டாளம் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. எண்களை வரிசையாக நிரப்பாமல் பத்துக்குத் தாவினார்கள். அது போருக்குப் போகாது. ரெக்ரூட்டுகளைத் தேற்றிப் போர்முனைப் பட்டாளங்களின் காலியிடத்துக்கு அனுப்பும். பதினொன்று முதலான எண்கள் டெரிட்டோரியல் பட்டாளங்களுக்கு. வேறு பிழைப்புள்ளவர்கள் ஆண்டில் சில வாரம் சீருடை போடும் சேமப்படை. 3ஆம் மதராஸ் ரெஜிமெண்டின் முறைப்படையைச் சிக்கனம் என்ற பெயரால் 1928க்குள் கலைத்தார்கள். டெரிட்டோரியல்கள் பெயரைக் காத்தன. இரண்டாம் உலகப்போரில் ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது அவற்றின் மேல்தான். மற்ற ரெஜிமெண்டுகளின் பத்தாம் பட்டாளங்கள் அப்போரில் ரெஜிமெண்டல் சென்டர்களாயின. மதராஸ் ரெஜிமெண்டின் சென்டர் இன்று நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

"பையன் பட்டாளத்துக்குப் போயிட்டான்" என்று ஊரில் சொல்லும்போது போர்க்களம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. தலைமுடி வெட்டி, பூட்ஸ் மாட்டி, லெஃப்ட் ரைட் பழக்கும் பயிற்சியும் அதில் ஒலிக்கிறது.